எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓட: எல்லோரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

நங்கநல்லூரில் மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடி எங்கள் வீடு. பாத்ரூம் கூரையில் பூசணம் கறுத்தது. சுரண்டிப் பெயின்ட் அடித்தோம். மறு வருஷம் அதே இடத்தில் அதே கறுப்பு. அதற்குப் பிறகுதான் ஈரத்தை அளந்து எக்ஸாஸ்ட் ஃபேனைத் தானாக ஓடவிட்டு நிறுத்தும் ஒரு சென்சார் பெட்டி செய்து மாட்டினேன். அதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் கேட்டார், அவர் வீட்டில் பார்த்து அவருடைய மைத்துனர் கேட்டார். இப்போது கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது "அந்த ஃபேன் பெட்டி இருக்கே..." என்று ஆரம்பிக்கிறார்கள்.

சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். முன்னால் சொல்லிவிட்டதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன். எழுதும்போது மனதில் இருந்தது சென்னை. மலையூர்க்காரர்களுக்கு 7-ஆம் கேள்வி.

1. ஃபேனுக்குத்தான் ஸ்விட்ச் இருக்கே, இதுக்கு எதுக்கு ஒரு மிஷின்?

குளித்துவிட்டு வெளியே வருகிறவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு வருவார். நல்ல பழக்கம்தான். ஆனால் ஈரம் முக்கால்வாசி அப்போதுதான் கிளம்பும். சுவர், தரை, கதவு, ஈரத்துண்டு எல்லாம் அதன் பிறகு அரை மணி நேரமாவது ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அணைக்க மறந்தவர் வீட்டில் ஃபேன் மறுநாள் காலைவரை ஓடும். 30 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 43 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் பாதியை நெருங்கிவிடும்.

சின்ன பாத்ரூம், வீட்டில் இரண்டே பேர் என்றால் சென்சார் எதுவும் வேண்டாம். அணைத்த பிறகும் இருபது நிமிஷம் ஓடிவிட்டு நிற்கிற டைமர் ஸ்விட்ச் போதும். பெட்டி செய்து கொடுக்கிற நானே இப்படிச் சொல்வது பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

2. என்னென்ன வாங்கணும்?

ஈரப்பதமும் வெப்பநிலையும் அளக்கும் சென்சார் இரண்டு, இஎஸ்பி32 அல்லது இஎஸ்பி8266 போர்டு (வைஃபையோடு வரும் குட்டிக் கணினி) ஒன்று, போர்டு சொன்னபடி ஃபேனை ஆன் ஆஃப் செய்யும் ஸ்விட்சான ரிலே ஒன்று, தரமான 5 வோல்ட் அடாப்டர், மூடி இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் பெட்டி. மென்பொருளுக்கு இஎஸ்பிஹோம் அல்லது டாஸ்மோட்டா போதும், இரண்டும் இலவசம். சாலிடரிங் பிடிக்காதவர்களுக்கு சென்சார் செருகும் துளையோடு வரும் ரெடிமேட் ஸ்மார்ட் ஸ்விட்ச்களும் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவற்றில் ஒரு சென்சார்தான் மாட்ட முடியும். இரண்டு எதற்கு என்பது 5-ஆம் கேள்வியில் வருகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் அதைப் படியுங்கள்.

230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பாத்ரூம் ஈரமான இடம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், ஃபேன் பிறகு.

3. டிஎச்டி11 போதுமா? கடைக்காரர் அதுதான் நிறைய போகுதுன்னு சொன்னார்.

நிறையப் போவது மலிவாக இருப்பதால். டிஎச்டி11 ஈரப்பதத்தை 20 முதல் 90 சதவீதம் வரைதான் அளக்கும், அதிலும் 5 சதவீதம் முன்பின் இருக்கும். குளித்து முடித்த பாத்ரூம் 90-ஐத் தாண்டிய இடம். எங்கே துல்லியம் வேண்டுமோ அங்கே அது கண்ணை மூடிக்கொள்ளும். டிஎச்டி22 பரவாயில்லை. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் எஸ்எச்டி31 வாங்குங்கள். பாத்ரூம் ஈரத்தில் அது தாக்குப்பிடிக்கிற அளவுக்கு டிஎச்டி வகை தாக்குப்பிடிப்பதை நான் பார்த்ததில்லை.

பிஎம்இ280 நல்ல சென்சார். ஆனால் அந்தப் பெயரில் பிஎம்பி280 கையில் வந்து சேரும். அது காற்றழுத்தமும் வெப்பமும் மட்டும் அளக்கும், ஈரப்பதம் தெரியாது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. போர்டில் இணைத்து சிப்பின் அடையாள எண்ணைப் படியுங்கள். ஹெக்ஸ் கணக்கில் 60 என்றால் பிஎம்இ, 58 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. எழுபதுக்கு மேல போனா ஆன், கீழ வந்தா ஆஃப். இவ்வளவுதானே?

எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், நானும்தான். இதில் முதல் சிக்கல் உடனே தெரியும். ஈரப்பதம் 70.1, 69.9, 70.2 என்று ஆடும்போது ரிலே "டக் டக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆன் ஆகும் எண்ணுக்கும் ஆஃப் ஆகும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். 75-ல் ஆன், 65-ல் ஆஃப் என்கிற மாதிரி. ஒருமுறை ஓட ஆரம்பித்தால் பத்து நிமிஷமாவது ஓடட்டும், நின்றால் ஐந்து நிமிஷமாவது நிற்கட்டும். கடைசி ஒரு நிமிஷத்து அளவுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் ஆட்டம் இன்னும் அடங்கும்.

இரண்டாவது சிக்கல் ஐப்பசியில்தான் தெரியும்.

5. மழைக்காலத்துல ஃபேன் ராத்திரி முழுக்க ஓடுது, ஈரம் குறையவே மாட்டேங்குது. சென்சார் கெட்டுப்போச்சா?

சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. சதவீதம்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஈரப்பதச் சதவீதம் என்பது காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவு இல்லை. அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு தாங்குமோ அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதுதான். வெப்பம் ஏற ஏறப் பாத்திரம் பெரிதாகும். ஒரு கனமீட்டர் காற்று 10 டிகிரியில் சுமார் 9.4 கிராம் நீராவி தாங்கும். 20 டிகிரியில் 17.3, 25-ல் 23, 30-ல் 30.4, 35-ல் 39.6 கிராம். இந்த எண்களைச் சதவீதத்தால் பெருக்கினால் காற்றில் உண்மையில் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பது கிடைத்துவிடும்.

இப்போது ஒரு மழை இரவைப் பாருங்கள். உள்ளே 31 டிகிரி, 75 சதவீதம். கணக்குப் போட்டால் 24 கிராம். வெளியே மழை விட்டு 26 டிகிரி, 95 சதவீதம். அது 23.1 கிராம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஈரத்தை உறிஞ்சும் கருவி இல்லை. உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு வெளியே இருப்பதைக் கொண்டுவந்து நிரப்புகிறது, அவ்வளவே. அந்த 23.1 கிராம் காற்று உள்ளே வந்து 31 டிகிரிக்குச் சூடானால் 72 சதவீதம் காட்டும். நீங்கள் 65-ல் ஆஃப் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஃபேன் பொங்கல் வரை ஓடினாலும் 72-க்குக் கீழே இறங்காது.

அதனால் ஃபேன் ஓடலாமா என்று முடிவு செய்ய உள்ளே ஒரு சென்சார், வெளியே ஒரு சென்சார் வேண்டும். இரண்டு இடத்துச் சதவீதத்தையும் கிராமாக மாற்றி ஒப்பிட வேண்டும். இஎஸ்பிஹோமில் இந்த மாற்றத்துக்குத் தனிக் கூறே இருக்கிறது. நீங்கள் சூத்திரம் எழுத வேண்டியதில்லை.

6. அப்போ மழை நாள்ல ஃபேனே போடக் கூடாதா?

போடலாம், போட வேண்டும். வெந்நீரில் குளித்து முடித்ததும் உள்ளே 30 டிகிரி, 95 சதவீதம் இருக்கும். அது ஏறக்குறைய 29 கிராம். வெளியே மழைக்காற்று 26 டிகிரி, 90 சதவீதம் என்றால் 22 கிராம். ஏழு கிராம் வித்தியாசம். ஃபேன் நன்றாகவே வேலை செய்யும். வித்தியாசம் தீர்ந்த பிறகு ஓடுவதுதான் வீண்.

நான் வைத்திருக்கும் விதி இது: உள்ளே வெளியைவிட 3 கிராம் அதிகம், அதோடு உள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆன். வித்தியாசம் 1 கிராமுக்கு வந்ததும் ஆஃப். 1-ஐ இன்னும் குறைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 30 டிகிரியில் சென்சார் 3 சதவீதம் தப்பாகச் சொன்னாலே கிட்டத்தட்ட ஒரு கிராம் பிசகிவிடும். அதற்குக் கீழே நீங்கள் அளப்பது சென்சாரின் தப்பைத்தான், ஈரத்தை இல்லை.

7. ஊட்டியில வெளியே 95 சதவீதம், வீட்டுக்குள்ள 75. ஃபேன் போட்டா அவ்வளவு ஈரமும் உள்ளே வந்துடாதா?

வராது. காயத்தான் செய்யும். 5-ஆம் கேள்வியின் கணக்கையே போடுங்கள். வெளியே 12 டிகிரியில் காற்று 10.7 கிராம்தான் தாங்கும், அதில் 95 சதவீதம் 10.1 கிராம். உள்ளே 18 டிகிரி, 75 சதவீதம் என்றால் 11.5 கிராம். பனிமூட்டமாகத் தெரியும் வெளிக்காற்றில்தான் தண்ணீர் குறைவு.

குளிர் ஊரில் சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே துணி உலர்த்தி, உள்ளேயே வெந்நீர் வைத்து, சுவரெல்லாம் பூசணம் என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். சதவீதத்தைப் பார்த்துப் பயந்து கதவை அடைக்கிறார்கள். சென்னையில் நேர்மாறு. "மூச்சு முட்டுது, சன்னலைத் திற" என்று ஈரக்காற்றை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

8. குளிக்க ஆரம்பிச்ச உடனே ஃபேன் ஓடணும். அதுக்கு ஏதாவது வழி உண்டா?

ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்காமல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. மூன்று நிமிஷத்தில் 5 புள்ளி ஏறினால் யாரோ குளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வெந்நீர் ஷவருக்கு இது அருமையாக வேலை செய்யும்.

ஆனால் நம்மூரில் வருஷத்தில் எட்டு மாதம் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான். பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் ஆவி குபீரென்று கிளம்பாது. தரை ஈரம் மெதுவாகக் காயும்போது அளவு மெல்ல மெல்ல ஏறும். வேகத்தை மட்டும் நம்பினால் அந்த எட்டு மாதமும் ஃபேன் தூங்கும். இரண்டையும் வையுங்கள். வேகம் கண்டால் உடனே ஓடட்டும், இல்லாவிட்டால் 6-ஆம் கேள்வியின் 3 கிராம் விதி சற்றுத் தாமதமாகப் பிடித்துக்கொள்ளும்.

9. சென்சாரை எங்கே மாட்டறது?

உள்ளே: தண்ணீர் நேராகத் தெறிக்காத சுவரில், தலைக்கு மேல் உயரத்தில். ஃபேனுக்கும் வாசலுக்கும் நேர்க்கோட்டில் வேண்டாம், ஃபேன் ஓட ஆரம்பித்ததும் ஹால் காற்றைத்தான் அது அளக்கும். போர்டு இருக்கும் பெட்டிக்குள்ளேயே சென்சாரையும் அடைக்காதீர்கள். போர்டின் சூடு ஏறி ஈரப்பதம் குறைவாகக் காட்டும்.

வெளியே: எப்போதும் நிழல், மழை படக் கூடாது, காற்று போய்வர வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனிச் சுவர் உத்தமம். ஏசியின் வெளி யூனிட் பக்கம் போகவே வேண்டாம். வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் அந்த ஒரு மணி நேரமும் அது சொல்வது பொய். வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, வானிலைக் கூண்டு மாதிரி ஒன்று செய்துகொள்ளலாம். இன்னொன்று, எறும்பு. சூடான பெட்டி என்றால் எறும்புக்குச் சொந்த வீடு. ஒருமுறை ரிலே ஒட்டாமல் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே முட்டையோடு ஒரு குடும்பமே இருந்தது. வயர் நுழையும் துளையைச் சிலிகான் வைத்து அடையுங்கள்.

10. ரெண்டு சென்சாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலும் வேற வேற காட்டுதே. எதை நம்பறது?

இரண்டையும் உப்பு டப்பாவில் போடுங்கள். கல்லுப்பில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்குங்கள், உப்பு முழுதும் கரையக் கூடாது. அதைச் சின்ன மூடியில் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சென்சார்களோடு வைத்து மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். உப்புச் சேறு சென்சாரில் படக் கூடாது. சாதாரண உப்பின் நிறைகரைசலுக்கு மேலே நிற்கும் காற்று 75 சதவீதத்தில் நிலைக்கும், நம்மூர் அறை வெப்பத்தில் இது பெரிதாக மாறாது. காலையில் ஒன்று 71, இன்னொன்று 78 காட்டினால் முதலாவதற்கு 4 கூட்டு, மற்றதற்கு 3 கழி என்று மென்பொருளில் எழுதிவிடுங்கள்.

நமக்கு வேண்டியது வித்தியாசம். அதனால் இரண்டு சென்சாரும் ஊர் உலகத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கிராம் கணக்கில் இன்னொரு சௌகரியமும் உண்டு. சென்சார் தன் சூட்டாலோ போர்டின் சூட்டாலோ ஒரு டிகிரி சூடானால் வெப்பத்தைக் கூட்டிச் சொல்லும், ஈரப்பதத்தைக் குறைத்துச் சொல்லும். பெருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, கிராம் ஏறக்குறைய சரியாகவே வரும். சதவீதத்தை நம்பியவருக்கு இந்தத் தயவு கிடையாது.

11. ஃபேன் ஓடுது, சத்தமும் வருது. ஆனா கண்ணாடியில பனி போகவே இல்ல.

காற்று வெளியே போக வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவை இறுக்கிச் சாத்தி அடியில் ரப்பரும் ஒட்டியிருந்தால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்க வேண்டும். ஊதுபத்தி ஏற்றி அந்த இடைவெளியில் பிடியுங்கள். புகை உள்நோக்கிச் சாய்ந்து ஓடினால் நல்லது.

நம் ஃபிளாட்டுகளில் இதைவிட அதிகமாகப் பார்ப்பது வேறு. வெண்டிலேட்டரில் இரண்டு கண்ணாடிப் பட்டையைக் கழற்றி அந்த இடத்தில் ஃபேனைப் பொருத்தியிருப்பார்கள். மீதிப் பட்டைகள் திறந்தே கிடக்கும். ஃபேன் வெளியே தள்ளிய காற்றுக்குப் பதிலாக, பக்கத்துப் பட்டை வழியாகவே வெளிக்காற்று வந்து நேராக ஃபேனுக்குப் போய்விடும். பாத்ரூமின் மற்ற மூலைகளில் ஒன்றும் அசையாது. அந்தப் பட்டைகளை நிரந்தரமாக அடையுங்கள். புறா வராமல் இருக்க வெளியே வலை கட்டியிருந்தால் அதில் படிந்த தூசியையும் பாருங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், உயரம் 2.7 மீட்டர் என்றால் பாத்ரூமின் கொள்ளளவு 8.1 கனமீட்டர். மணிக்கு எட்டு முறை காற்று மாற 65 கனமீட்டர் தள்ளினால் போதும். ஆறு அங்குல ஃபேனின் அட்டைப்பெட்டியில் இதைவிட நிறையவே போட்டிருப்பார்கள். அது எதிரில் தடையே இல்லாதபோது அளந்தது.

12. மேல்மாடி வீடு, ராத்திரி பத்து மணிக்கும் அனல். இதே மாதிரி வெப்பத்துக்கும் வைக்கலாமா?

வைக்கலாம். இதற்குக் கிராம் வேண்டாம், டிகிரி போதும். வெளியே உள்ளைவிட 2 டிகிரி குறைந்தால் ஆன், வித்தியாசம் அரை டிகிரிக்கு வந்தால் ஆஃப். கத்திரி வெயிலில் மதியம் வெளியேதான் சூடு அதிகம், அப்போது ஃபேன் போட்டால் அனலை வாசல் வைத்து அழைத்த கதை. கடற்காற்று வந்த பிறகு கணக்கு மாறும். அது என்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கடிகாரத்துக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். டைமரைவிட இது மேல் என்று நான் அடித்துச் சொல்லும் இடம் இதுதான். ஆறு அங்குல ஃபேன் படுக்கையறைக்குக் காணாது. ஒன்பது அல்லது பன்னிரண்டு அங்குலம் வேண்டும், எதிர்ப்பக்கச் சன்னலும் திறந்திருக்க வேண்டும். அந்தச் சன்னலில் கொசுவலை இல்லையென்றால் அந்தி ஆறிலிருந்து எட்டு வரை ஃபேன் ஓடக் கூடாது என்று ஒரு விதி சேருங்கள். இல்லாவிட்டால் தெருக்கொசு முழுக்க உங்கள் வீட்டில்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகல் முழுக்கச் சூடு குடித்த கான்கிரீட் தளம் அதை ராத்திரிதான் கக்கும். ஃபேன் அறையின் காற்றைக் குளிர்விக்கும், தளத்தைக் குளிர்விக்க நெடுநேரம் பிடிக்கும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், ஃபேன் பெட்டி அடுத்த வருஷம்.

வெளியே குளிர்ச்சி, ஆனால் ஈரம் அதிகம் என்றால் எதைக் கேட்பது? ஆள் தூங்கும் அறையில் வெப்பம் சொல்வதைக் கேளுங்கள். துணி பீரோவும் புத்தகமும் இருக்கும் அறையில் ஈரம் சொல்வதைக் கேளுங்கள். ஒரே சூத்திரத்தில் இரண்டையும் கட்டிப்போட நானும் முயன்றேன். வீட்டில் யாருக்கும் திருப்தி இல்லை.

13. ஏசி ஓடும்போது எக்ஸாஸ்ட்டும் ஓடலாமா?

அறையை ஒட்டிய பாத்ரூமின் ஃபேன் என்றால், பாத்ரூம் கதவு மூடியிருக்கும்போது குளித்த பிறகு கொஞ்ச நேரம் ஓடலாம். நீளமாக ஓடினால் அது இழுப்பது நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை. அதற்குப் பதில் அறைக்குள் வருவது வெளியே இருக்கும் ஈரக்காற்று. வெளியே 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் அந்தக் காற்று 25 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே வியர்த்துவிடும். ஏசி அறையின் சுவரும் பீரோக் கதவும் 23-24 டிகிரியில் இருக்கும். ஏசி ஓடினால் ஃபேனுக்கு உச்ச வரம்பு பதினைந்து நிமிஷம் என்று வையுங்கள்.

14. சமையலறை ஃபேனுக்கும் இதே பெட்டியை மாட்டித் தர முடியுமா?

பாதிக்குத்தான் உதவும். கேஸ் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது சுமார் 1.6 கிலோ நீராவி கிளம்பும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, குக்கர் விசிலும் ரசக் கொதியும் போக, 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் அடுப்பிலிருந்தே வந்திருக்கும். அதைச் சென்சார் கண்டுபிடிக்கும்.

கண்டுபிடிக்காதது தாளிப்பு. மிளகாய் கருகி வீடே இருமும்போது ஈரப்பதம் அப்படியே இருக்கும். சமையலறையில் முதலாளி ஸ்விட்ச்தான், சென்சார் உதவியாள். அடுப்பை அணைத்த பிறகு மிச்ச ஈரத்தை வெளியேற்ற மட்டும் அதை வையுங்கள்.

கேஸ் கசிந்தால் ஃபேன் தானாக ஓடும்படி செய்து தரச் சொல்லி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். செய்ய மாட்டேன். கசிவின்போது எந்த மின் ஸ்விட்சையும் தொடாதே என்பதுதான் பாடம். ரிலேயும் ஸ்விட்ச்தான், ஒட்டும்போது பொறி பறக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஃபேனோ கூரையோரம் இருக்கிறது. ஈரத்துக்காக ஓடும் பெட்டிகூட ஆள் இல்லாத நேரத்தில் தானாக ஒட்டலாம் என்பதால், வெளியூர் போகும்போதும் இரவிலும் சிலிண்டர் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள்.

15. பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கு. ஃபேன் தானா ஓடினா இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை, நேர்மாறாகவும் போகலாம். கதவு மூடிய பாத்ரூமில் ஃபேன் காற்றை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறையும். புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய எரிவாயுப் புகை உள்ளே திரும்பலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நம் சென்சாருக்கு அது இருப்பதே தெரியாது.

கேஸ் கீசரை வெளியே, திறந்த பால்கனிக்கு மாற்றிவிட்டு வாருங்கள். அதுவரை நான் பெட்டி மாட்டித் தருவதில்லை.

16. ஃபேன் ஆஃப் ஆகும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகுது. கரன்ட் வந்த உடனே ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்குது. ஏன்?

இரண்டும் வேறு வேறு நோய். மோட்டார் அணையும்போது கிளம்பும் மின்னழுத்த உதறல் போர்டைக் கலக்குவது முதலாவது. ஃபேனின் இரு முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் (230 வோல்ட் லைனுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே செய்தது) கெப்பாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ரெடிமேடாகவே கிடைக்கிறது. எக்ஸ்2 என்று அச்சிடாத கெப்பாசிட்டரை அந்த இடத்தில் வைக்கக் கூடாது. மட்டமான அடாப்டராலும் ரீசெட் வரும்.

இரண்டாவது, நிறைய ரிலே போர்டுகள் சிக்னல் தாழ்ந்தால் ஒட்டும் வகை. இஎஸ்பி8266-ல் ஜிபிஐஓ (வயர் இணைக்கும் கால்கள்) 0, 2, 15 மூன்றும் போர்டு விழிக்கும் நேரத்தில் வேறு வேலைக்குப் பயன்படுபவை. அவற்றில் ரிலேயைக் கட்டினால் விழிக்கும்போதெல்லாம் ஒரு துள்ளல் இருக்கும். ஜிபிஐஓ 4 அல்லது 5-க்கு மாற்றுங்கள்.

வயரிங்கில் எலக்ட்ரீஷியனிடம் மூன்று சொல்லுங்கள். ரிலே வெட்ட வேண்டியது ஃபேஸ் வயரை, நியூட்ரலை இல்லை. பழைய ஸ்விட்சைப் பிடுங்க வேண்டாம், ரிலேயை அதற்கு இணையாகப் போட்டால் பெட்டி செத்தாலும் கையால் ஃபேன் போடலாம். முழுதாக அணைக்க இரண்டுக்கும் முன்னால் தனி ஸ்விட்ச் ஒன்று வேண்டும், பிளேடு துடைக்க ஏணியில் ஏறியவர் கைக்குப் பக்கத்தில் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கக் கூடாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வந்திருக்காது, அடாப்டருக்கு அது தேவை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

17. வைஃபை போயிட்டா? வெளிய இருக்கற சென்சார் செத்துட்டா?

முடிவு எடுக்கும் விதி போர்டுக்குள்ளேயே இருந்தால் வைஃபை போனது ஃபேனுக்குத் தெரியவே தெரியாது. எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டு ஃபேன் ஓடும் ஏற்பாட்டை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. வெளிச் சென்சார் தனிப் போர்டில் இருந்து வைஃபை வழியாகச் சேதி அனுப்பினால், பத்து நிமிஷத்துக்கு மேல் பழைய அளவை நம்பக் கூடாது என்று எழுதுங்கள்.

வெளி அளவு இல்லையென்றால் 4-ஆம் கேள்வியின் பழைய விதிக்கு இறங்கட்டும், ஆனால் முப்பது நிமிஷ உச்ச வரம்போடு. உள் சென்சாரும் இல்லையென்றால் காலையும் மாலையும் இருபது நிமிஷம் ஓடிவிட்டு நிற்கட்டும். வெகுநேரம் ஒரே எண்ணைக் காட்டும் சென்சாரையும் செத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 99.9 சதவீதத்தில் உறைந்துபோன டிஎச்டி22 ஒன்று எங்கள் வீட்டு ஃபேனை நாங்கள் திருச்செந்தூர் போய்த் திரும்பும்வரை ஓடவிட்டது.

18. எல்லாம் பண்ணியாச்சு, எண்ணெல்லாம் நல்லா இருக்கு. ஆனா பீரோவுக்குப் பின்னால இன்னும் பூசணம் வருதே?

நடு அறைக் காற்று 60 சதவீதம் இருக்கும்போது வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் பின்னால் 80-ஐத் தாண்டலாம். அங்கே காற்று அசையாது. அந்தச் சுவருக்கு மறுபுறம் பக்கத்து வீட்டு ஏசி அறை இருந்தால் சுவர் குளிர்ந்து, 13-ஆம் கேள்வியில் சொன்ன வியர்வை உங்கள் பக்கம் வரும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஒரு சென்சாரைக் கொண்டுபோய் இரண்டு நாள் பின்னாலேயே தொங்கவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் போகவில்லை என்றால் ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். பூசணத்தைத் துடைத்து, சுவரைக் காயவைத்து, ஒரு முழ அகலத்துக்குக் கெட்டி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் காற்றின் ஈரம், மேலே சொன்ன விதிகளை மறுபடி சரிபாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் என்றால் மொட்டை மாடித் தளமோ உள்ளே போகும் குழாயோ ஒழுகுகிறது. கொத்தனாரைக் கூப்பிடுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள்.